வாய்க்குள் போட்ட தையல் கரைகிறதா, உதிர்கிறதா?

வைக்ரில் என்ற கரையும் தையல் நூலோடு வரும் விவரத்தாளைப் பிரித்துப் பார்த்தால், நூல் முழுதாக உறிஞ்சப்பட 56 முதல் 70 நாள் வரை ஆகும் என்று அச்சிட்டிருக்கும். அதே நூலால் கீழ் ஞானப்பல் எடுத்த இடத்தைத் தைத்திருந்தால், பெரும்பாலும் இரண்டாவது வாரத்துக்கும் நான்காவது வாரத்துக்கும் இடையில் ஒருநாள், சாப்பிடும்போதோ வாய் கொப்பளிக்கும்போதோ, முடிச்சோடு ஒரு துண்டு நூல் நாக்கில் தட்டுப்படும். "தையல் பிரிஞ்சிடுச்சு டாக்டர், திரும்பப் போடணுமா?" என்று அன்று மாலையே போன் வரும். வேண்டாம். தாளில் போட்டிருக்கும் கணக்கும் சரி, வாயில் நடந்ததும் சரி. இரண்டும் ஒரே விஷயத்தைப் பற்றியவை அல்ல.

தையல் நூலுக்கு இரண்டு ஆயுள் உண்டு. காயத்தின் இரு ஓரங்களையும் சேர்த்துப் பிடிக்கும் வலு எத்தனை நாள் நிற்கும் என்பது ஒன்று. நூலின் பொருள் மொத்தமும் உடம்பிலிருந்து மறைய எத்தனை நாள் ஆகும் என்பது மற்றொன்று. முதலாவது எப்போதும் குறைவு. பல நூல்களில் இரண்டாவதில் பாதிகூடத் தேறாது. வைக்ரிலை எடுத்துக்கொண்டால், தைத்து இரண்டு வாரம் ஆகும்போது ஆரம்ப வலுவில் சுமார் 75 சதவீதம் இருக்கும், மூன்று வாரத்தில் 50, நான்கு வாரத்தில் 25. அந்த நான்காவது வாரத்திலும் நூலைப் பார்த்தால் ஊதா நிறம் மாறாமல் முழுசாகத்தான் தெரியும். கரையான் அரித்த உத்திரம் வெளியே வழவழவென்று நிற்கிற கதைதான். இந்தக் கணக்கெல்லாம் எலியின் தோலுக்கடியில் நூலைப் புதைத்து, வாரம் தவறாமல் எடுத்து இழுத்துப் பார்த்துக் கிடைத்தவை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அங்கே எச்சில் கிடையாது, நாக்கு கிடையாது, சோறும் கிடையாது.

வாயில் ஒரு தையலின் பாதிதான் திசுவுக்குள் இருக்கிறது. மீதிப் பாதியும் முடிச்சும் ஈறுக்கு மேலே, எச்சிலில் கிடக்கின்றன. நூலை உறிஞ்ச வேண்டிய செல்கள் திசுவுக்குள் இருப்பவை; வெளியே தொங்கும் முடிச்சை அவை வந்து எடுத்துக்கொள்ள வழியில்லை. வளையத்தில் ஏதோ ஓரிடம், பெரும்பாலும் முடிச்சை ஒட்டிய இடம், நைந்து அறுகிறது. வெளிப்பாதி வாயோடு போய்விடுகிறது. உள்பாதி ஒன்று வழுக்கி வெளியே வரும், இல்லை உள்ளேயே இருந்து மெல்ல மறையும். ஆகவே "கரையும் தையல்" என்று நாம் சொல்வது வாயைப் பொறுத்தவரை பாதி உண்மை. வாயில் தையல் உதிர்கிறது என்பதே சரியான சொல். உதிர்ந்த துண்டை விழுங்கிவிட்டாலும் கெடுதல் இல்லை.

எந்த நூல் எப்படி வலுவிழக்கிறது என்பதற்கு இரண்டே வழிதான் இருக்கின்றன. ஒன்று நொதி அரிப்பது, இன்னொன்று தண்ணீர் அறுப்பது.

முதல் வழிக்குப் பழைய உதாரணம் கேட்கட். பெயரைப் பார்த்துப் பூனையைத் தேட வேண்டாம். ஆட்டுக் குடலின் உள்ளடுக்கிலிருந்தோ மாட்டுக் குடலின் வெளிச்சவ்விலிருந்தோ எடுத்த கொலாஜனை முறுக்கிச் செய்த நூல் இது. கொலாஜன் ஒரு புரதம். காயத்துக்கு வரும் வெள்ளணுக்கள் புரதத்தைச் சிதைக்கும் நொதிகளை விடுகின்றன. வாயில் குடியிருக்கும் பாக்டீரியாக்களும் அதே வகை நொதிகளை வைத்திருக்கின்றன. ஆக, கேட்கட்டின் ஆயுளை முடிவுசெய்வது நூல் அல்ல, காயம். சுத்தமான காயத்தில் ஐந்து நாள் நிற்கும் நூல், சீழ் பிடித்த காயத்தில் இரண்டே நாளில் கூழாகும். திசுவுக்குள் புதைந்த சாதாரணக் கேட்கட் 7 முதல் 10 நாள் வரை வலுவோடு இருக்கும். வாயில் மூன்று முதல் ஐந்து நாளிலேயே தளர ஆரம்பிக்கும். குரோமியம் உப்பில் பதப்படுத்திய குரோமிக் கேட்கட்டில் கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்துவிடுவதால் நொதிகளுக்கு அவ்வளவு சீக்கிரம் பிடிகொடுக்காது. வாயில் 7 முதல் 10 நாள் தாங்கும். தோல் பதனிடுவதில் குரோமியம் செய்யும் வேலையும் இதேதான். மேட் கவ் எனப்படும் மாட்டு மூளை நோய் அச்சத்தால் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் கேட்கட்டை ஒதுக்கிவிட்டார்கள். நம் ஊரிலும் அமெரிக்காவிலும் இன்னும் கிடைக்கிறது.

இரண்டாவது வழி செயற்கை நூல்களுடையது. 1970இல் சந்தைக்கு வந்த டெக்சான், பாலிகிளைகாலிக் அமிலத்தால் ஆனது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வந்தது வைக்ரில்: பத்தில் ஒன்பது பங்கு கிளைகோலைடு, ஒரு பங்கு லாக்டைடு. இவை எல்லாமே எஸ்டர் பிணைப்புகளால் கோத்த நீண்ட சங்கிலிகள். எஸ்டர் பிணைப்பைத் தண்ணீரே அறுத்துவிடும், நொதி வேண்டியதில்லை. நூலுக்குள் சில பகுதிகளில் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கிய செங்கல்போல நெருங்கி இருக்கும், சில பகுதிகளில் கலைந்து கிடக்கும். தண்ணீர் முதலில் நுழைவது கலைந்து கிடக்கும் பகுதிக்குள். அடுக்குகளை ஒன்றோடொன்று கட்டிவைத்திருக்கும் சங்கிலிகளும் அங்கேதான் ஓடுகின்றன. அவை அறுந்ததும் நூலின் எடை குறையாமலே வலு மட்டும் போகிறது. அடுக்குகள் கரைவது அதற்கப்புறம். கடைசியில் மிஞ்சும் கிளைகாலிக் அமிலமும் லாக்டிக் அமிலமும் உடம்பின் வழக்கமான வளர்சிதை மாற்றத்தில் சேர்ந்து கரியமில வாயுவாகவும் நீராகவும் வெளியேறுகின்றன.

கேட்கட்டைவிட இது ஏன் மேல் என்றால், காயம் எப்படி இருந்தாலும் தண்ணீர் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் அறுக்கும். எந்த நாளில் எவ்வளவு வலு மிஞ்சும் என்று முன்கூட்டியே சொல்ல முடியும். திசுவில் அழற்சியும் குறைவு.

வைக்ரில் ராப்பிட் என்பது வேறு பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். பொருள் அதேதான். காமா கதிர்வீச்சால் சங்கிலிகளை முன்கூட்டியே குட்டையாக்கி வைத்திருக்கிறார்கள், அதனால் தண்ணீருக்குப் பாதி வேலை மிச்சம். ஐந்தாம் நாளில் பாதி வலு போய்விடும், 10 முதல் 14 நாளில் வலு சுத்தமாக இருக்காது, பொருள் முழுதும் மறைய சுமார் 42 நாள். சாயம் ஏற்றாத வெள்ளை நூலாக வரும். ஞானப்பல் எடுத்த காயத்துக்கு என் தேர்வு எப்போதும் இதுதான். ஈறு தன் பிடியைத் தானே பிடித்துக்கொள்ள ஏழு முதல் பத்து நாள் போதும். அதற்கு மேல் வாயில் நிற்கிற நூல் காயத்துக்கு உதவியாக இருப்பதில்லை, பாரமாகிறது.

ஏன் பாரம் என்பதற்குத் திரியைப் பார்த்தால் புரியும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, பல இழைகளைப் பின்னிச் செய்த நூல் எச்சிலையும் அதிலுள்ள கிருமிகளையும் காயத்துக்குள் இழுத்துக்கொண்டே இருக்கும். இதில் மோசமானது சில்க், அதாவது பட்டு நூல். மேலே மெழுகோ சிலிக்கோனோ பூசியிருந்தாலும் சில நாளில் அது போய்விடும். சில்க்கைக் "கரையாத நூல்" என்று வகைப்படுத்தினாலும் அதுவும் புரதம்தான். திசுவில் விட்டால் ஓர் ஆண்டுக்குள் பெரும்பாலான வலுவை இழக்கும், ஆனால் வாயில் யாரும் அவ்வளவு காலம் காத்திருக்கப் போவதில்லை. பொதுவாக ஐந்து முதல் ஏழு நாளில் பிரித்தாக வேண்டும். வைக்ரிலும் பின்னல் நூல்தான். மேற்பூச்சு இருப்பதால் சில்க் அளவுக்கு இழுப்பதில்லை, ஆனால் இழுக்காது என்று சொல்ல முடியாது. மோனோக்ரில் என்ற கரையும் செயற்கை நூல் ஒற்றை இழை. ஒரு வாரத்தில் ஏறத்தாழ பாதி வலு, மூன்று வாரத்தில் வலு காலி, முழுதும் மறைய 91 முதல் 119 நாள். சுத்தத்துக்கு நல்லது, ஆனால் வெட்டிய நுனி விறைப்பாக நின்று கன்னத்தைக் குத்தும். அதே வகையான பிடிஎஸ் நூலுக்கு இன்னும் நீண்ட ஆயுள், மறைய ஆறு மாதம். வாயின் மேற்பரப்பில் அதற்கு வேலையே இல்லை.

எலும்புத்தூள் வைத்த இடம், இம்பிளான்ட் மூடிய இடம் ஆகியவற்றில் கதை வேறு. அங்கே ஈறு இரண்டு மூன்று வாரம் அசையாமல் மூடியிருக்க வேண்டும், கிருமியும் உள்ளே போகக் கூடாது. அதற்குப் பிடிஎஃப்இ நூல். நான்ஸ்டிக் தவாவின் மேல்பூச்சும் இதே பொருள்தான். எந்த நொதிக்கும் தண்ணீருக்கும் மசியாது, எச்சிலை இழுக்காது, நுனியும் மெத்தென்று இருக்கும். விலைதான் கூடுதல். முடிச்சு வழுக்கும் என்பதால் சுற்றுகளைக் கூட்டிப் போட வேண்டும்.

வாய் நூலுக்குச் செய்கிற வேலை

ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் சுரக்கிறது. தண்ணீரால் அறுபடும் நூலுக்கு இது ஓயாத குளியல். ஆனால் நாள்கணக்கைப் பெரிதும் குறைப்பது எச்சில் அல்ல, அசைவு. விழுங்குவது, பேசுவது, கொட்டாவி, கன்னம் இழுபடுவது எல்லாம் ஒவ்வொரு முறையும் முடிச்சை ஒரு தட்டுத் தட்டுகின்றன. கீழ் ஞானப்பல்லுக்குப் பின்னால் உள்ள ஈறு வாய் திறக்கும்போதெல்லாம் இழுபடும் இடம். அங்கே போட்ட கடைசித் தையல்தான் பெரும்பாலும் முதலில் உதிரும். நாக்கில் போட்ட தையல் இதைவிட மோசம். நாக்கு சும்மா இருக்காது. அங்கே 3-0 அல்லது 4-0 (நூலின் தடிமனைக் குறிக்கும் எண்) வைக்ரிலைத் திசுவில் ஆழமாகவும் அகலமாகவும் கடிக்கவைத்து, முடிச்சை உள்ளே புதைத்தால்தான் ஒரு வாரமாவது தாங்கும்.

சூடான காபி நூலைக் கரைக்கும் என்று ஒரு பயம் உண்டு. சூடு ஏறினால் நீராற்பகுப்பு, அதாவது தண்ணீர் பிணைப்பை அறுப்பது, வேகமாகும் என்பது வேதியியலில் சரி. ஆனால் காபி வாயில் இருப்பது சில விநாடி, நூல் அறுபட வேண்டியது பல நாள். முதல் நாள் சூடு வேண்டாம் என்று சொல்வது நூலுக்காக அல்ல, குழியில் உறைந்த ரத்தக்கட்டி இளகி மறுபடி கசியக்கூடாது என்பதற்காக. உப்புத் தண்ணீரும் அப்படித்தான். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு எந்த நூலையும் கரைக்காது. சோற்றுப் பருக்கையை மட்டும் வெளியே தள்ளும். 24 மணி நேரம் கழித்து, சாப்பிட்டபின் ஒவ்வொரு முறையும், வாயில் வைத்துத் தலையைச் சாய்த்துச் சாய்த்து அலசி, துப்பாமல் வாயைத் திறந்து வழிய விட வேண்டும். பலமாகக் கொப்பளிப்பதும் உறிஞ்சுகுழாயில் குடிப்பதும் வாய்க்குள் இழுவிசை உண்டாக்கும்.

வெற்றிலை பாக்கு போடுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாக்குத் துகள் பின்னல் நூலின் இழைகளுக்கிடையே போய் மாட்டிக்கொண்டால் எந்த மவுத்வாஷும் அதை எடுக்காது. அந்தத் துகளைச் சுற்றிக் கிருமி சேர்ந்து ஈறு வீங்கும். தையல் இருக்கும்வரை பாக்கு கூடவே கூடாது. புகையும் அப்படித்தான், நூலுக்கு எதுவும் செய்யாது, கீழே உள்ள ரத்தக்கட்டியைக் கெடுக்கும்.

இரண்டே நாளில் தையல் போனால்

இந்தக் கேள்விக்கு நான் கொடுக்கும் பதில் பல சக மருத்துவர்களுக்கே பிடிக்காது: இரண்டு நாளில் போன தையலில் நூலின் மேல் குற்றம் மிகவும் அபூர்வம். சீழ் பிடித்த காயத்தில் போட்ட கேட்கட்டைத் தவிர, எந்த நூலும் 48 மணி நேரத்தில் சிதைந்துவிடுவதில்லை. போட்ட விதத்தில்தான் கோளாறு.

முதல் காரணம் இறுக்கம். அறுவைக்குப் பின் வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்கு வரும். இன்று இறுக்கிக் கட்டிய வளையத்துக்குள் நாளை மறுநாள் இன்னும் அதிகத் திசு நெருக்கும். ஈறு வெளுத்திருந்தால் அங்கே ரத்தம் ஓடவில்லை என்று அர்த்தம். அந்த இடம் செத்து, கம்பி வெண்ணெயை அறுப்பதுபோல நூல் ஈறை அறுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். நூல் முழுசாக இருக்கும், முடிச்சும் கச்சிதமாக இருக்கும், ஈறின் ஓரம் மட்டும் கிழிந்திருக்கும். ஓரங்கள் ஒன்றையொன்று தொட்டால் போதும், நசுங்கக் கூடாது. ஈறு வெளுத்தால் முடிச்சை அவிழ்த்துப் புதிதாகப் போடுவதே நல்லது.

இரண்டாவது, கடி போதாமை. மடலின், அதாவது வெட்டித் தூக்கிய ஈறின், ஓரத்திலிருந்து 2 முதல் 3 மில்லிமீட்டர் தள்ளி ஊசி நுழைய வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் குத்தினால் முதல் கொட்டாவிக்கே கிழியும். தையலுக்கும் தையலுக்கும் இடையில் 3 முதல் 5 மில்லிமீட்டர். எட்டில் மூன்று வட்டத்துக்கு வளைந்த, வெளிவளைவில் வெட்டுமுனை உள்ள ரிவர்ஸ் கட்டிங் ஊசியை எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது: உள்வளைவில் வெட்டுமுனை இருந்தால் ஊசித்துளை மடலின் ஓரத்தை நோக்கிக் கிழியும். அசையும் பக்கத்தை முதலில் கோத்து, பிறகு அசையாத பக்கத்துக்குப் போக வேண்டும். கீழ் ஞானப்பல்லில் நாக்குப்பக்க ஈறில் மட்டும் ஆழமாகக் குத்தவே கூடாது. அங்கே எலும்பை ஒட்டி நாக்கு நரம்பு ஓடுகிறது. அது வளையத்தில் மாட்டினால் பாதி நாக்கு மரத்துப்போகும்.

மூன்றாவது முடிச்சு. சில்க்குக்கு இரட்டைச் சுற்று ஒன்றும் எதிர்த்திசையில் ஒற்றைச் சுற்று ஒன்றும் ஓரளவு போதும், மூன்றாவது போட்டால் நிம்மதி. வைக்ரிலின் மேற்பூச்சு வழுக்கும், மூன்றுக்குக் குறையக் கூடாது. ஒற்றை இழை நூல்களுக்கு நான்கு, ஐந்து. கேட்கட் ஈரத்தில் ஊதும். ஊதினால் முடிச்சு தானே நெகிழும். அதனால் அதன் நுனியை 3 மில்லிமீட்டராவது விட்டு வெட்ட வேண்டும். அழகுக்காக ஒட்ட வெட்டிய கேட்கட் முடிச்சு அன்று இரவே அவிழும். முடிச்சு கன்னப்பக்கம் உட்கார வேண்டும், வெட்டின கோட்டின் மேல் அல்ல. கோட்டின் மேல் உட்கார்ந்த முடிச்சு அழுக்கைச் சேர்த்துக் காயத்திலேயே கொட்டும்.

நான்காவதைப் பலர் கவனிப்பதில்லை. ஊசியைப் பிடிக்கும் கருவியான நீடில் ஹோல்டரின் வாயால் நூலைக் கவ்வி இழுப்பது. அதன் பற்கள் பதிந்த இடத்தில் இழைகள் நசுங்கிவிடும். ஒற்றை இழை நூலானால் அந்த இடத்தில்தான் நாளை அறுபடும். வெட்டி எறியப்போகும் நுனியை மட்டும் கருவியால் பிடிக்க வேண்டும்.

கடைசியாக, நூல் போடும் முன்பே பழுதாகியிருக்கலாம். செயற்கைக் கரையும் நூல்களை ஈரம் புகாத ஃபாயிலில் அடைப்பதே, காற்றிலுள்ள ஈரம்கூட அவற்றை அறுக்கத் தொடங்கும் என்பதால்தான். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் மாதிரிக் கடற்கரை ஊர்களில் பிரித்த உறையில் மிஞ்சிய வைக்ரிலை "நாளைக்கு ஆகும்" என்று எடுத்து வைத்தால், நாளைக்குப் போடுவது எத்தனை நாள் வலு உள்ள நூல் என்று யாராலும் சொல்ல முடியாது. நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் மறுபடி வைத்தால் இன்னும் மோசம்: சூடும் நீராவியும் சேர்ந்து, உடம்பில் வாரக்கணக்கில் நடக்க வேண்டியதை அங்கேயே தொடங்கிவைத்துவிடும். தொற்று ஆபத்து வேறு. மிஞ்சியதைக் குப்பையில் போடுங்கள். எண்ணைப் பார்த்து மட்டும் நூலை எடுப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. 3-0 வைக்ரிலின் தடிமன் 0.20 முதல் 0.249 மில்லிமீட்டர், 3-0 கேட்கட்டோ 0.30 முதல் 0.339. எண் ஒன்றுதான், நூல் ஒன்றல்ல. கேட்கட்டிலிருந்து வைக்ரிலுக்கு மாறுகிறவர் அதே எண்ணை வாங்கினால், மெல்லிய நூலால் ஈறை அறுத்துவிடாமல் கையின் இறுக்கத்தைக் குறைக்கப் பழக வேண்டும்.

சரி, தையல் போய்விட்டது. அடுத்து என்ன? ஞானப்பல் குழியானால், ரத்தம் வராமலும் எலும்பு தெரியாமலும் இருந்தால், பெரும்பாலும் எதுவும் செய்ய வேண்டாம். குழி அடியிலிருந்து மேலாகத் தானே நிரம்பி மூடும். கொஞ்சம் கூடுதல் நாளாகும், கொஞ்சம் கூடுதல் சோறு மாட்டும். ரத்தம் கசிந்தால் சுத்தமான காஸ் துணியை நான்காக மடித்து அந்த இடத்தில் வைத்து, 30 நிமிடம் நடுவில் எடுத்துப் பார்க்காமல் கடித்திருக்க வேண்டும். அதற்கும் நிற்காவிட்டால் உடனே கிளினிக்குக்கு. மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் காதுவரை இழுக்கும் வலியும் கெட்ட நாற்றமும் வந்தால் அது குழி உலர்ந்ததன் அடையாளம். தையல் போனதால் வந்ததல்ல, உள்ளே ரத்தக்கட்டி கரைந்ததால் வந்தது. மறுதையல் போட்டு அதைச் சரிசெய்ய முடியாது. குழியைக் கழுவி மருந்து வைக்க வேண்டும்.

மூன்று பேருக்கு இந்த நிதானம் பொருந்தாது. மேல் கடைவாய்ப்பல் எடுக்கும்போது சைனஸ் வரை துளை விழுந்தவர் ஒருவர். அவருக்குத் தையல் 10 முதல் 14 நாள் நின்றே ஆக வேண்டும், வேகமாக வலுவிழக்கும் நூலை அங்கே போடவே கூடாது. இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். தையல் போனால் அன்றே வர வேண்டும். எலும்புத்தூள் வைத்தவர் இரண்டாமவர். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் மூன்றாமவர்.

கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, தாடைக்குக் கதிர்வீச்சு எடுத்தது, பல காலமாக ஸ்டீராய்டு ஆகிய இடங்களில் ஈறு தன் பிடியைப் பிடிக்கத் தாமதிக்கும். ராப்பிட் போட்டால் ஈறு சேருமுன் நூல் விலகிவிடும். சாதாரண வைக்ரிலோ சில்க்கோ போட்டு 10 முதல் 14 நாளில் பார்த்துப் பிரிப்பது சரி. மறுபக்கம், சின்னக் குழந்தைக்கோ, பிரிக்க வாயைத் திறக்க ஒத்துழைக்க முடியாதவருக்கோ சில்க் போடுவது பெரிய கொடுமை. தையல் போடும்போது இருந்த மயக்கம் பிரிக்கும்போது இருக்காது.

பிரிப்பது

சில்க்கைப் பிரிக்கும் முறையில் ஒரே ஒரு விதி முக்கியம்: வெளியே கிடந்த நூல் திசுவுக்குள் போகக் கூடாது. ஒரு வாரம் எச்சிலில் ஊறி வெளுத்துப் படலம் படிந்த பகுதி அது. முதலில் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியில் நனைத்த பஞ்சால் தையலைத் துடைக்க வேண்டும். முடிச்சின் நுனியை ட்வீசரால் பிடித்து மெல்லத் தூக்கினால், அதுவரை ஈறுக்குள் இருந்த ஒரு மில்லிமீட்டர் நூல் சுத்தமான நிறத்தில் எட்டிப்பார்க்கும். முடிச்சுக்குக் கீழே, அந்தச் சுத்தமான இடத்தில், ஒரு பக்கம் மட்டும் கத்தரிக்க வேண்டும். பிறகு முடிச்சைக் காயத்தின் குறுக்கே, கத்தரித்த பக்கத்தை நோக்கி இழுத்தால், ஓரங்கள் பிரியாமல் நூல் வந்துவிடும். எதிர்த்திசையில் இழுத்தால் இப்போதுதான் சேர்ந்த ஈறு பிளக்கும். இரண்டு பக்கமும் கத்தரித்தால் ஒரு துண்டு உள்ளே தங்கிவிடும்.

கரையும் நூலானாலும் ஏழாம் நாள் வரச்சொல்லிப் பார்ப்பது அவசியம் என்பது என் உறுதியான கருத்து. "அது தானா கரைஞ்சிடும், வர வேண்டாம்" என்று அனுப்புகிற பழக்கத்தால் நன்மை எதுவும் இல்லை. வேலை முடிந்து தளர்ந்து தொங்கும் வைக்ரிலை அன்றே வெட்டி எடுத்துவிட்டால் அடுத்த இரண்டு வார நாற்றமும் ஈறு வீக்கமும் மிச்சம். நுனி நாக்கைக் குத்துகிறது என்றால் அதை வெட்டிக் குறைக்கலாம். வீட்டில் நகவெட்டியால் வெட்டுவதும் இழுத்துப் பார்ப்பதும் வேண்டாம்.

மூன்று வாரம் கழித்தும் ஈறில் சிவந்த சிறு கொப்புளம் ஒன்று, அழுத்தினால் துளி சீழ் என்று இருந்தால், பெரும்பாலும் அதற்குள் நூல் துண்டு இருக்கிறது. ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் இரண்டு நாள் அமுங்கி மறுபடி வரும். அந்த இடத்தை மரக்கவைத்து நூலை எடுத்தால் சில நாளில் ஆறும். இது பெரும்பாலும் இரண்டாவது கடைவாய்ப்பல்லின் பின்புறத்தில்தான் வரும். அங்கே வீங்கிய ஈறு முடிச்சை மூடிவிடுவதால், பிரிக்க வருகிறவர் கண்ணில் படுவதில்லை. அதனால்தான் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சீட்டில் நூலின் பெயர், எண், எந்த இடத்தில் எத்தனை தையல் என்று மூன்றையும் எழுத வேண்டும். மூன்று என்று எழுதியிருந்து இரண்டுதான் கையில் வந்தால், மூன்றாவதைத் தேடச் சொல்ல வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.